அவிழ்த்ததும் விரிந்துபோன அரைவட்டம்

கேள்வி: மூன்று வருடமாகச் சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். அலமாரி, மேசை போன்ற நேர்கோட்டு வேலைகளெல்லாம் கைக்கு வந்துவிட்டன. இப்போது ஒரு வரவேற்பு மேசைக்கு அரைவட்ட முகப்பு கேட்டிருக்கிறார்கள். ஆரம் 450 மி.மீ., உயரம் 1 மீட்டர். வளையும் பிளைவுட்டில் 5 மி.மீ. தகடு வாங்கினேன். முதல் தகட்டை நீளவாக்கில் வளைத்தபோது நடுவில் படாரென்று ஒடிந்தது. அடுத்து வாங்கியது நன்றாகவே வளைந்தது. இரண்டு தகடுகளை ரப்பர் பசை தடவி ஒட்டி, சரியாக 450 ஆரத்தில் செய்த அச்சின்மேல் கட்டி, ஓர் இரவு விட்டுவைத்தேன். காலையில் அவிழ்த்தால், இரண்டு முனைகளுக்கும் நடுவே 900 மி.மீ. இருக்க வேண்டிய வாய் 1,250க்கு விரிந்துபோய் நிற்கிறது. தகடு மட்டமா, என் வேலை மட்டமா? பேசாமல் 18 மி.மீ. சாதா பிளைவுட்டின் பின்பக்கம் ரம்பத்தால் கோடு கோடாகக் கீறி வளைத்துவிடலாமா? இந்த வேலை முடிந்ததும் கிண்ணம் போல் குழிந்த நாற்காலி இருக்கை ஒன்று செய்ய ஆசை. அதற்கும் இதே தகடு ஆகுமா?

பதில்: தகடு மட்டமில்லை. உங்கள் வேலையிலும் பெரிய குறையில்லை. அந்தத் தகடு தானாகவே வடிவத்தைப் பிடித்து நிற்கும் என்று நம்பிவிட்டீர்கள், அவ்வளவுதான். வளையும் பிளைவுட் வளைந்து கொடுக்கும், வளைவைத் தக்கவைக்காது. அதைத் தக்கவைப்பது வேறொன்றாக இருக்க வேண்டும். ஒன்று, உள்ளே நிற்கும் சட்டம். இல்லையென்றால், அடுக்குகளுக்கு நடுவே இறுகிப்போகும் பசை. உங்கள் வேலையில் இரண்டுமே இல்லை.

முதலில் ஒடிந்த தகட்டைப் பார்ப்போம். சாதா பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நார் ஓட்டமும் அதற்கு அடுத்த அடுக்குக்குக் குறுக்காகப் போகும். எந்தப் பக்கம் வளைத்தாலும் சில அடுக்குகளின் நார் நீளவாக்கில் நின்று தடுக்கும். வளையும் பிளைவுட்டில் பெரும்பாலும் மூன்றே அடுக்கு. வெளியே இரண்டு கனமான அடுக்குகள், இரண்டின் நாரும் ஒரே திசையில் ஓடும். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய அடுக்கு, தகடு கிழிந்து போகாமல் பிடித்துக்கொள்ள. கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோரை எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அதை அச்சாக வைத்துச் சுருட்டினால் பாய் சுகமாகச் சுருளும். கோரையையே மடக்கப் பார்த்தால் ஒடியும். நீங்கள் முதல் தகட்டில் செய்தது இரண்டாவது காரியம்.

அந்தக் கனமான அடுக்குகள் ஏன் அப்படி வளைகின்றன என்பதும் சுவாரசியமானது. உருண்டை மரத்தைச் சுழலவிட்டு, நீளமான கத்தியால் பென்சில் சீவுவது போல் சீவித்தான் அந்த அடுக்கை எடுக்கிறார்கள். வட்டமாக இருந்ததைக் கத்தி பிரித்து மட்டமாக்கும்போது, ஒரு பக்கம் முழுக்க நார் ஓட்டத்தோடு மயிரிழைக் கீறல்கள் விழுகின்றன. வேறு வேலைக்கு அது குறை. இங்கே அதுவே கீல். இலவ மரம் போன்ற இலேசான, மெத்தென்ற மரங்களை இதற்கு எடுப்பதும் அவை எளிதில் மடிந்து கொடுப்பதால்தான்.

8க்கு 4 அடி தகட்டில் இது இரண்டு விதமாக வரும். நார் 8 அடி நீளத்தில் ஓடுவது ஒன்று. அதைச் சுருட்டினால் 8 அடி உயரத் தூண் கிடைக்கும். நார் 4 அடி அகலத்தில் ஓடுவது இன்னொன்று. அது 4 அடி உயரப் பீப்பாயாகச் சுருளும். உங்கள் முகப்பில் நார் செங்குத்தாக நிற்க வேண்டும், உயரம் 1 மீட்டர். அரைவட்டத்தின் வளைவு நீளம் ஏறக்குறைய 1,414 மி.மீ. தூண் வகையில் வளைக்கக் கிடைக்கும் பக்கம் 1,220தான், போதாது. ஆகவே உங்களுக்குப் பீப்பாய் வகைதான் சரி. அடுத்த முறை வாங்கும்போது விவரச் சீட்டைப் படிப்பதோடு நிறுத்தாமல், தகட்டின் இரண்டு மூலைகளைப் பிடித்து ஒருமுறை இலேசாக வளைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். அப்புறம், பட்டறையில் அதைப் படுக்கவைத்துத்தான் அடுக்க வேண்டும். சுவரில் சாய்த்துவைத்தால் நாலு நாளில் தானாகவே தொந்தி போட்டுவிடும்.

சரி, விரிந்த வாய்க்கு வருவோம். ஒரு சீட்டுக்கட்டைக் கையில் எடுத்து வளையுங்கள். சிரமமே இல்லாமல் வளையும், ஏனென்றால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஓரத்தைப் பார்த்தால் படிப்படியாகத் தெரியும். வளைந்த நிலையிலேயே அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒட்டிவிட்டால்? திரும்ப வழுக்க வழியில்லாததால் கட்டு வளைந்தபடியே நிற்கும். அடுக்கு ஒட்டி வளைக்கும் வேலையின் சூட்சுமம் இதுதான்.

கணக்காகவே பார்க்கலாம். பலகையின் கனம் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். இரண்டு தகடுகள் ஒட்டாமல் இருக்கும்போது சேர்ந்து 2 பங்கு விறைப்போடு விரியப் பார்க்கும். ஒட்டியபின் அந்த முயற்சியை எதிர்த்து நிற்பது 8 பங்கு. அதாவது வளைவில் நாலில் ஒரு பங்கு திரும்பிப் போகும். மூன்று அடுக்கு போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு. நான்கு அடுக்கென்றால் பதினாறில் ஒரு பங்கு. அடுக்கின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் அரைவட்டத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு அடுக்கை நல்ல பசையில் ஒட்டியிருந்தாலே வாய் 900லிருந்து 1,110 அளவுக்கு விரிந்திருக்கும். மூன்று அடுக்கில் ஏறத்தாழ 1,000. நான்கு அடுக்கில் 955. மரம் இரவெல்லாம் அச்சில் கிடக்கும்போது கொஞ்சம் பழகிக்கொள்ளும் என்பதால், நல்ல பசை போட்டால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே விரியும். உங்களுடையது 1,250 வரை போனதற்குக் காரணம் ரப்பர் பசை. அது காய்ந்த பிறகும் உள்ளுக்குள் மெத்தென்றே இருக்கும். அடுக்குகள் மெல்ல மெல்ல வழுக்கும். மைக்கா ஒட்ட அது போதும். வளைவைப் பிடிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். இந்த வேலைக்கு அச்சே தேவையில்லை.

வரவேற்பு மேசையின் முகப்பு தனியாக நிற்கப்போவதில்லை. அதன் பின்னால் நாலு பலகை நிறுத்த இடமிருக்கிறது, நிறுத்தியும் ஆக வேண்டும். 18 மி.மீ. சாதா பிளைவுட்டில் அரைவட்டப் பலகைகள் நான்கு வெட்டுங்கள். ஒன்று அடியில், ஒன்று உச்சியில், நடுவே சம இடைவெளியில் இரண்டு. அவற்றை இணைக்கச் செங்குத்துச் சட்டங்கள் சில. முதல் பலகையை அளந்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுச் சுத்தமாக்கிவிட்டு, மற்ற மூன்றையும் அதன்மேல் வைத்து, ரவுட்டர் என்னும் விளிம்பு செதுக்கும் கருவியால் அப்படியே நகலெடுங்கள். நான்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று 2 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தாலும், பளபளப்பான மேல்பூச்சு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு: செங்குத்துச் சட்டங்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் தகட்டைச் சுற்றிவிடுகிறார்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தகடு தட்டையாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வட்டம் போலத் தெரியாது, பல பட்டைகள் வைத்த தூண் போலத் தெரியும். படுக்கைவாட்டில் நிற்கும் அரைவட்டப் பலகைதான் வட்டத்தைக் கொடுக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 330 மி.மீ. இடைவெளி இருந்தாலும் தகடு தொய்யாது, ஏனென்றால் செங்குத்தாக ஓடும் நார் அந்தத் திசையில் விறைப்பாகத்தான் இருக்கும்.

பலகையின் ஆரத்தைக் கணக்கிடும்போது மேலே வரப்போகும் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். வெளி ஆரம் 450, இரண்டு தகட்டுக்கு 10, மைக்காவுக்கு 1. ஆக, பலகை 439. இதை மறந்து 450க்கே வெட்டிவிட்டுக் கடைசியில் மேல்பலகையோடு பொருந்தாமல் விழிப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஒருமுறையாவது நடப்பதுதான்.

தகட்டை வெட்டும்போது சரியான நீளத்துக்கு வெட்டாதீர்கள். அரைவட்டத்தில் ஒவ்வொரு 5 மி.மீ. அடுக்கும் தனக்கு உள்ளே இருப்பதைவிட 16 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக நீளம் கேட்கும். இரண்டு தகட்டையும் பக்கத்துக்கு 30, 40 மி.மீ. அதிகமாக விட்டு வெட்டி, நடுக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்திலும் அதே நடுக்கோடு. முதல் தகட்டை வெள்ளைப் பசையில் பலகைகளின் விளிம்பில் ஒட்டி, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்தையும் நோக்கிச் சிறிய ஆணிகளால் பிடித்துக்கொண்டே போங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் நடுவில் உப்பல் மாட்டிக்கொள்ளும்; அதை எடுக்க வழியே கிடையாது. இரண்டாவது தகட்டை உருளையால் முழுக்கப் பசை தடவி அதன்மேல் போட்டு, சரக்குக் கட்டும் பட்டை நாடா நாலைந்தால் சுற்றி இறுக்குங்கள். நாடாவுக்கும் தகட்டுக்கும் நடுவே குறுக்காக மெல்லிய ரீப்பர் துண்டுகளைச் செருகினால் அழுத்தம் பரவும். வெள்ளைப் பசை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதிலுள்ள தண்ணீர் மரத்திலிருந்து வெளியேற நேரமாகும். ஒரு முழு நாள் தொடாதீர்கள். ஓரங்களை அதன் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

5 மி.மீ. தகட்டுக்கு 450 ஆரம் ஒரு பொருட்டே இல்லை, காய்ந்தபடியே வளையும். 150க்குக் கீழே போகும்போதுதான் நான் தண்ணீரைத் தேடுவேன். வெளிப்பக்கம் வரும் முகத்தில் தண்ணீர் தெளித்து, பசையில்லாமல் வளைத்துக் கட்டி ஓரிரவு விட்டுவிடுவேன். மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பசை. ஈரத் தகட்டில் வெள்ளைப் பசை தடவினால் பிடிக்காது.

மேல்பூச்சு மைக்கா என்றால் கவலையில்லை. 1 மி.மீ. மைக்கா இந்த ஆரத்தில் சூடு காட்டாமலே வளையும். பெயின்ட் என்றால் எச்சரிக்கை தேவை. மேலே சொன்ன மயிரிழைக் கீறல்கள் குவிந்த பக்கத்தில் வாய் திறக்கும். பட்டி போட்டு மூடினாலும் சில வாரங்களில் மெல்லிய கோடுகளாகத் தலைகாட்டலாம். அதற்கு வெளி அடுக்காக 3 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்யும் பலகை) தகடு ஒன்றை ஒட்டிவிடுவதே நல்லது; 450 ஆரத்தில் அது வளையும், முகமும் மழமழவென்று இருக்கும். பலகையின் ஆரத்தில் அந்த 3 மில்லியையும் கழித்துக்கொள்ளுங்கள். அலமாரித் தட்டு, மின்சாரப் பெட்டி என்று எதையும் வளைந்த தகட்டில் திருகாணி போட்டுத் தொங்கவிடாதீர்கள். அது மெத்தென்ற மரம், திருகாணி பிடிக்காது. பின்னால் இருக்கும் பலகைகளில் மாட்டுங்கள்.

ரம்பத்தால் கீறி வளைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வளையும், ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை. 18 மி.மீ. பலகையில் 2 மி.மீ. மட்டும் விட்டுக் கீறினால், அரைவட்டத்துக்கு உள்பக்கம் குறைக்க வேண்டிய நீளம் ஏறக்குறைய 50 மி.மீ. ரம்பத்தின் வெட்டு 3 மி.மீ. என்றால் 17 கீறல் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் கீறலுக்குக் கீறல் 83 மி.மீ. வருகிறதே! அந்த இடமெல்லாம் தட்டையாக நிற்கும். வட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 2 மி.மீ. உள்வாங்கியிருக்கும். அதை இரட்டிப்பாக்கி 34 கீறல் போட்டால் உள்வாங்கல் அரை மில்லியாகும், பார்வைக்குப் பரவாயில்லை. ஆனால் கீறல் பாதிதான் மூடும், மீதிக்குப் பசையும் மரத்தூளும் அடைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் கையில் இருப்பது 2 மி.மீ. தோல் மட்டுமே தாங்கும் பலகை. யாராவது முழங்காலால் இடித்தால் கீறலோடு பிளக்கும். பெரிய ஆரம், எம்.டி.எஃப்., பின்னால் நல்ல முட்டு என்றால் செய்யலாம். கையில் வளையும் பிளைவுட் இருக்கும்போது எதற்கு?

கிண்ண இருக்கைக்கு இந்தத் தகடு ஆகாது. ஒரு காகிதத்தைக் குழாய் மீது சுற்றலாம், பந்து மீது சுற்ற முடியாது. எங்காவது சுருக்கம் விழும். பலகைக்குச் சுருங்கத் தெரியாது, கிழியத்தான் தெரியும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸும் ஈரோ சாரினனும் 1940இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் போட்டிக்காக, இருக்கையும் முதுகும் ஒரே ஓடாக வரும் பிளைவுட் நாற்காலி செய்து பார்த்தபோது கூர்மையாகத் திரும்பும் இடங்களில் மரம் பிளந்தது. அதற்கு மேல் துணி போர்த்த வேண்டியதாயிற்று. ஈம்ஸ் தம்பதி பிறகு போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு, அடிபட்ட காலை அசையாமல் கட்டிவைக்கும் பலகைகள் செய்தார்கள். அவற்றில் நெருக்கும் இடங்களில் துளைகளும் பிளவுகளும் விட்டு மரத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். கடைசியில் 1940களின் நடுவில் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலியில் இருக்கை ஒரு துண்டு, முதுகு ஒரு துண்டு. அவ்வளவு பெரியவர்களே பிரித்துத்தான் செய்தார்கள் என்பதால் நாமும் கூச்சப்படத் தேவையில்லை.

ஆனால் அவர்கள் மெல்லிய அடுக்குகளைத் தனித்தனியே அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சில் வார்த்தார்கள். அப்படிச் செய்தால் கொஞ்சம் கிண்ண வளைவு கிடைக்கும். ஒட்டி முடித்த தகட்டில் ஒருபக்க வளைவு மட்டும்தான். உங்கள் நாற்காலிக்கு முதுகை ஒரு வளைவாக, இருக்கையை இன்னொரு வளைவாகத் தனித்தனியே செய்யுங்கள். அங்கேதான் அச்சு உண்மையாகவே தேவைப்படும், ஏனென்றால் அவற்றுக்குப் பின்னால் சட்டம் கிடையாது. நான்கு அடுக்காவது போடுங்கள். வெறும் வளையும் பிளைவுட்டாக வேண்டாம். எல்லா நாரும் ஒரே பக்கம் ஓடினால் நார் ஓட்டத்தோடு பிளந்துவிடும். 1.5 மி.மீ. சாதா பிளைவுட் கிடைத்தால் அதையே ஏழெட்டு அடுக்காகப் போடுவது ஆள் உட்காரும் வேலைக்கு எவ்வளவோ மேல். பசை, யூரியா ஃபார்மால்டிஹைடு தூள் பசையோ எபாக்ஸியோ. இரண்டும் கல்லாக இறுகும். வெள்ளைப் பசை தொடர்ந்து இழுபடும் இடத்தில் மாதக்கணக்கில் மெல்ல நகரும். யூரியா பசைக்கு முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம்.

அச்சை வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்ய வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு மேலே சொன்ன பங்குக் கணக்கு தொடக்கம் மட்டுமே. முழு அச்சும் செய்யும் முன், அதே வளைவில் ஒரே ஒரு பலகை வெட்டி, அதே அடுக்கு, அதே பசையில் 100 மி.மீ. அகலத் துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். அது எவ்வளவு விரிகிறதோ, அதுதான் உங்கள் தகட்டுக்கும் பசைக்குமான கணக்கு. அச்சின் முகத்தில் பாக்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் மெழுகும் தேய்த்துவிடுங்கள். நான் செய்த முதல் வளைவு, அச்சிலிருந்து கடைசிவரை கழன்று வரவே இல்லை. அச்சும் வேலையும் ஒன்றாகி, பட்டறை மூலையில் நல்ல கனமான முக்காலியாக இன்றும் இருக்கிறது.

இப்போது கையில் விரிந்து நிற்கும் அந்த அரைவட்டத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ரப்பர் பசை இறுகாதது இங்கே உங்களுக்கு நல்லதாகிவிட்டது. பட்டை நாடா போட்டு இழுத்தால் மெதுவாகப் பழைய வளைவுக்கே வந்துவிடும். 450 அச்சில் கட்டியதால் அதன் உள் ஆரமே 450. மைக்காவும் சேர்ந்தால் வெளி ஆரம் 461 வரும். மேல்பலகையை இன்னும் வெட்டவில்லை என்றால், அரைவட்டப் பலகைகளை 450க்கு வெட்டி இதையே சுற்றிவிட்டு, மேல்பலகையின் ஆரத்தை 480 வைத்துக்கொள்ளுங்கள். அந்த 11 மி.மீ. யார் கண்ணிலும் படாது. ஓரங்களில் அடுக்கு பிரிந்திருந்தால், பிளவுக்குள் எபாக்ஸி விட்டுக் கிளாம்ப் போட்டுவிடுங்கள். பழைய ரப்பர் பசையின்மேல் வெள்ளைப் பசை ஒட்டாது.